வடிவிடம் சொல்லாதது

மதுரை
3-6-1937

என் பிரியமுள்ள வடிவுக்கு,

பாலம்மாள் எழுதுகிறேன். உன் கடிதம் வந்து மூன்று மாதமாகிறது. பதில் போடாததற்கு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள். திட்டி முடித்த பிறகு மேலே படி.

இங்கே எல்லோரும் சௌக்கியம். அவருக்கு இன்னும் ஒரு வருஷத்துக்கு மாற்றல் இருக்காது என்று போலீஸ் ஸ்டேஷனில் சொல்கிறார்களாம். வெயில்தான் தாங்கவில்லை. நேற்று மத்தியானம் ஒருத்தி கூடையில் மங்குஸ்தான் கொண்டுவந்தாள். குற்றாலத்துப் பழம் என்று சத்தியம் செய்தாள். ஒன்றைப் பிட்டு வாயில் போட்டேன். அவ்வளவுதான், அடுப்பில் இருந்த குழம்பை மறந்துவிட்டேன்.

ஐந்தாம் வகுப்பில் எஸ்தர் டீச்சர் நம்மைத் தென்காசியிலிருந்து இரண்டு மாட்டுவண்டியில் குற்றாலத்துக்குக் கூட்டிப் போனார்களே, நினைவிருக்கிறதா? மங்குஸ்தான் தோல் சாறு உன் பாவாடையில் பட்டுச் சிவப்பாகிவிட்டது. பாத்திமுத்து அதைப் பார்த்துவிட்டு, "வடிவுக்கு ரத்தம் வருது டீச்சர்!" என்று கத்தினாள். நீ உடனே அழ ஆரம்பித்துவிட்டாய், எங்கே வலிக்கிறது என்று உனக்கே தெரியாமல்! முருகு மட்டும் அருவியை விட்டு வரவேயில்லை. டீச்சர் கூப்பிட்ட சத்தம் காதில் விழவில்லை என்று சொன்னாள். விழுந்தது, எனக்குத் தெரியும். தண்ணீருக்குள் இருந்துகொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அந்த முருகு உன் நாத்தனாராக உன் வீட்டிலேயே இருக்கிறாள். "எங்க அண்ணனைக் கட்டிக்கோளா, ரெண்டு பேரும் ஒரே வீட்ல இருக்கலாம்" என்று அவள்தானே உன்னைக் கேட்டாள்? நீ அந்த வீட்டுக்குப் போனாய். அவள் ஆலங்குளத்துக்குக் கல்யாணமாகிப் போனாள். இரண்டே வருஷத்தில் வெள்ளைச் சேலையோடு திரும்பி வந்தாள். நீங்கள் ஒரே வீட்டில் இருக்க ஆசைப்பட்டது இப்படி நடந்திருக்கவேண்டாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பாத்திமுத்துவின் வாப்பா பரீது ராவுத்தருக்குக் குற்றாலத்தில் ஐந்தருவிப் பாதையில் ஒரு வீடு இருக்கிறது அல்லவா? ஆனி மாதக் கடைசியில் மூன்று நாள் அது காலியாக இருக்குமாம். அவள் வீட்டுக்காரர் துல்கர்னைன் கொழும்பில் இருக்கிறார், அதனால் அவளுக்குத் தடையில்லை. ஜூலை ஒன்பதாம் தேதி வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூடுவோம், திங்கள்கிழமை காலையில் கிளம்புவோம். நாம் நாலு பேர் மட்டும். ஆண்கள் வேண்டாம், பிள்ளைகள் வேண்டாம். நாம் நாலு பேரும் கடைசியாக ஒன்றாக உட்கார்ந்தது உன் கல்யாணப் பந்தியில். பதினாலு வருஷம் ஆகிவிட்டது.

நீ வந்து முருகு வராமலிருந்தால் நான் வரமாட்டேன். உன் வீட்டுக்காரரிடம் எப்படிக் கேட்பாயோ, அது உன் சாமர்த்தியம்.

என்றும் உன்
பாலம்மாள்


வீரகேரளம்புதூர்
16-6-1937

அன்பான பாலம்மாளுக்கு,

வடிவு எழுதியது. உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். ஐந்தாம் தடவை முருகுவிடம் கொடுத்தேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் படித்தாள். மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு மறுபடி புடைக்க ஆரம்பித்தாள். "என்னளா, ஒண்ணும் சொல்லல்லையே?" என்று கேட்டேன். "நான் சொல்லி என்ன ஆகப்போவுது, உங்க வீட்டுக்காரகளைக் கேளு" என்றாள். ஆனால் அன்று புடைத்த அரிசியில் தவிடு அப்படியே கிடந்தது.

உனக்கென்ன, மதுரையில் உட்கார்ந்துகொண்டு கேள் என்று எழுதிவிட்டாய். அவரிடம் ஒன்று கேட்பதற்கு நான் படும் பாடு உனக்குத் தெரியாது. கோபக்காரர் இல்லை. பேசாமல் இருந்துவிடுவார், அதுதான் கஷ்டம். மூன்று நாள் சமயம் பார்த்தேன். நாற்றங்காலில் தண்ணீர் பாய்ந்த அன்று மனசு நன்றாக இருந்தது. சோறு போட்டுக்கொண்டே சொன்னேன்.

"முருகுவை அருவிக்கா? ஊர்ல நாலு பேர் என்ன சொல்லுவான்? புருசன் போனவளைக் கூட்டிக்கிட்டுச் சாரல் கொண்டாடப் போறாளுகன்னு சொல்லமாட்டானா?" என்றார்.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, தெரியவில்லை. "கொண்டாட்டத்துக்கு யாரு போறா? அவளுக்குத் தலைவலி விடவே இல்லையே. அருவித் தண்ணி உச்சியில விழணும்னு வைத்தியர் வல்லிநாயகம் பிள்ளை சொல்லிட்டுப் போயிருக்காக. மூணு நாள் விழுந்தாத்தான் தீருமாம்" என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

வைத்தியர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை, பாலம்மா. முருகுவுக்குத் தலைவலியும் கிடையாது. அவர் இரண்டு வாய் சாப்பிட்டார். "மோர் ஊத்து" என்றார். பிறகு, "எங்க சின்ன அத்தையை வீட்டுக்கு வரச்சொல்லிட்டுப் போ. பிள்ளைகளுக்கு ஆக்கிப்போட ஆள் வேணும்லா" என்றார். நான் அடுப்படிக்குள் போய்ச் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன். முருகு அங்கேதான் நின்றாள். "பொய்யை எங்களா படிச்சே?" என்று என் கன்னத்தைக் கிள்ளினாள். அவள் அப்படி விளையாடிப் பல வருஷம் ஆகிறது.

என் மகள் ஆவுடை தானும் வருவேன் என்று அடம்பிடிக்கிறாள். எட்டு வயதாகிறது, இன்னும் முருகு அத்தை மடியில்தான் தூக்கம். அவளை எப்படிச் சமாதானப்படுத்துவது என்று தெரியவில்லை.

மாவு, ஊறுகாய், எண்ணெய், சீயக்காய் எல்லாம் நான் கொண்டுவருவேன். பாத்திமுத்துவை வட்டிலப்பம் செய்யச் சொல்லாதே, முட்டை போடுவாள். முன்பு தின்றோமே என்று கேட்காதே, அப்போது நமக்குப் பத்து வயது.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
வடிவம்மாள்


மதுரை
29-6-1937

அருமை வடிவு,

துண்டுக் காகிதம்தான் கிடைத்தது, அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை ரயிலில் விருதுநகர், ராஜபாளையம் வழியாகத் தென்காசிக்கு வருகிறேன். பாத்திமுத்து ஸ்டேஷனுக்குக் குதிரைவண்டி அனுப்புவாள். சாரலில் துணி காயாது, முருகுவைக் கூடுதலாக நாலு சேலை எடுத்துவரச் சொல். பொய் சொல்லக் கற்றுக்கொண்டதற்கு என் ஆசீர்வாதம்.

பாலம்மாள்


வீரகேரளம்புதூர்
19-7-1937

பாலம்மாளுக்கு,

அன்புள்ள என்று எழுத இன்று கை வரவில்லை.

உன்னோடு கடிதப் போக்குவரத்து கூடாது என்று இந்த வீட்டில் உத்தரவு. ஆவுடை பள்ளிக்கூடம் போகும்போது தபால்பெட்டியில் போட்டுவிடுவாள். எனக்குப் பதில் எழுத உனக்கு மனம் இருந்தால் தென்காசிக்குப் பாத்திமுத்து பேருக்கு எழுது.

அந்த மூன்று நாளையும் நான் எத்தனை தடவை மனசில் ஓட்டிப் பார்த்தேன் தெரியுமா? எந்த இடத்திலாவது உன் முகத்தில் ஒரு அடையாளம் தெரிந்திருக்குமா என்று பார்க்கிறேன். ஒன்றும் அகப்படவில்லை. சந்தோஷம்தான் அகப்படுகிறது. அதனால்தான் வயிறு எரிகிறது.

வெள்ளிக்கிழமை நாங்கள் போய் இறங்கியபோது சாரல் முகத்தில் மாவு சலிப்பது மாதிரி விழுந்துகொண்டிருந்தது. நீ வாசலிலிருந்து ஓடி வந்து முருகுவைக் கட்டிக்கொண்டாய். என்னை அப்புறம்தான் கட்டிக்கொண்டாய். அதைக்கூட நான் தப்பாக நினைக்கவில்லை. பாத்திமுத்து முட்டை போடாமல் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் விட்டு ஏதோ கிண்டி வைத்திருந்தாள். அது வட்டிலப்பமும் இல்லை, கஞ்சியும் இல்லை. நாலு பேரும் ஒரே தட்டில் வழித்துத் தின்றோம்.

சனிக்கிழமை பேரருவியில் அவ்வளவு கூட்டம்! பெண்கள் பக்கத்தில் நம் தலையில் மாறி மாறி எண்ணெய் தேய்த்துக்கொண்டோம். உன் முடி பாதியாகக் கொட்டிவிட்டது என்று நான் சொன்னேன். "போலீஸ்காரன் பொண்டாட்டிக்கு முடி எதுக்குட்டி, லத்தி போதும்" என்று நீ சொன்னாய். அருவிச் சத்தத்தில் பேச்சுக் கேட்காமல் கையாட்டிக் கையாட்டிப் பேசினோம். முருகு உள்ளே போய் நின்றாள். பாறையில் கைகளை ஊன்றி, தலையைக் குனிந்து நின்றாள். தண்ணீர் அவள் முதுகில் விழுந்து தெறித்தது. அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று வெளியிலிருந்து தெரியவில்லை. வெளியே வந்ததும் என் கையைப் பிடித்தாள். என்னவோ சொல்ல வந்த மாதிரி என் முகத்தையே பார்த்தாள். "குளிருதா?" என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளுடைய வெள்ளைச் சேலை எல்லாம் ஈரம். நீ உன் நீலச் சுங்குடிச் சேலையைக் கொடுத்து உடுத்தச் சொன்னாய். அவள் உடுத்திக்கொண்டு வந்து நின்றாள். அழகாக இருந்தாள். ஆனால் நான் என்ன சொன்னேன்? "மாத்திருளா, யாராவது பார்த்துடப் போறாக" என்றுதான் சொன்னேன். அவள் உள்ளே போனாள். நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய்.

திங்கள்கிழமை விடிகாலையில், "நானும் முருகுவும் கூட்டம் வாரதுக்கு முந்தி ஒரு முழுக்குப் போட்டுட்டு வாரோம், நீ படு" என்றாய். நான் எழுந்து நாலு பேருக்கும் காப்பி போட்டு மூடி வைத்தேன். எட்டு மணி வரை மூடியே இருந்தது. பாத்திமுத்து மூலையில் உட்கார்ந்து முந்தானையைக் கசக்கிக்கொண்டிருந்தாள். கடைசியில், "வடிவு, அவ போயிட்டா. மதுரைக்கு ரயில் ஏறியிருப்பா. வாத்தியாரம்மா படிப்புக்குப் பாலம்மா சேர்த்துவிடுதாளாம்" என்றாள். எனக்குப் புரியவே இல்லை. குளிக்கப் போனவள் எப்படி ரயில் ஏறுவாள் என்று திரும்பத் திரும்பக் கேட்டேனாம்.

வண்டியிலிருந்து நான் ஒருத்தியாக இறங்கினேன். அவர் வாசலில் நின்றார். "முருகு எங்க?" என்றார். சொன்னேன். அடிக்கவில்லை, சத்தம் போடவில்லை. வயலுக்குப் போய்விட்டார். மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஆவுடை அத்தை, அத்தை என்று அழுது காய்ச்சலில் படுத்துவிட்டாள்.

உங்கள் மூன்று பேருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. நாலு பேர் என்று எழுதிக் கூப்பிட்டாயே, நாலாவது ஆளாக என்னை எதற்குக் கூப்பிட்டாய்? முருகுவை வீட்டிலிருந்து வெளியே கொண்டுவரவா?

வடிவம்மாள்


மதுரை
2-8-1937

என் வடிவுக்கு,

நீ எழுதியது எல்லாம் நியாயம். ஒன்றுக்கும் எதிர்வார்த்தை சொல்லமாட்டேன்.

முருகு நலம். இங்கே ஒரு பயிற்சிப் பள்ளியில் சேர்ந்துவிட்டாள். எட்டாவது பாஸ் செய்த கைம்பெண்களுக்கு அங்கேயே சாப்பாடும் தங்க இடமும் தருகிறார்கள். நீயும் நானும் ஐந்தாவதோடு நின்றோம், அவள் தன் மாமா வீட்டிலிருந்து எட்டாவது வரை படித்தாள் அல்லவா? அது இப்போது உதவுகிறது.

உன் வீட்டுக்காரர் சென்ற வாரம் இங்கே வந்தார். உன்னிடம் சொல்லியிருக்கமாட்டார், அதனால் எழுதுகிறேன். அன்று ஞாயிறு, முருகு எங்கள் வீட்டில் இருந்தாள். எங்கள் வீட்டுக்காரர், "உள்ள வாங்க அண்ணாச்சி" என்று கூப்பிட்டார். வரவில்லை. வாசலில் நின்றுகொண்டே, "முருகு, கிளம்பு" என்றார். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வரல்லை அண்ணே. நீங்க எனக்கு ஒரு குறையும் வைக்கல்லை. சோறு போட்டீக, துணி எடுத்துத் தந்தீக. எனக்கு இருபத்தொம்பது வயசாவுது. மிச்ச நாளைக்கு நான் என்ன செய்யட்டும்? அதை மட்டும் சொல்லுங்க, வாரேன்."

அவர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். செம்பை அவள் கையில் கொடுக்காமல் படியில் வைத்துவிட்டுப் போனார். அவர் தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவள் அந்தச் செம்பை எடுத்தாள்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்றால், உன் நன்மைக்காகத்தான். உனக்குத் தெரிந்திருந்தால் அவர் கேட்கும்போது நீ பொய் சொல்ல வேண்டியிருக்கும். தெரியாது என்று நீ உண்மையாகவே சொல்லவேண்டும் என்று நினைத்தோம். வேறொன்றும் இல்லை.

கோபம் தணிந்ததும் எழுது. தணியாவிட்டாலும் எழுது.

உன் பாலம்மாள்


வீரகேரளம்புதூர்
11-11-1937

பாலம்மாளுக்கு,

தீபாவளி வந்தது, போனது. முருகு இல்லாமல் பலகாரம் சுட்டேன். முறுக்கு எல்லாம் உடைந்துவிட்டது. அச்சில் மாவை அழுத்த அவள் கைக்குத்தான் பலம் உண்டு.

உன் சமாதானத்தை நான் நம்பவில்லை. எனக்குப் பொய் சொல்ல வராது என்றா விட்டுவிட்டீர்கள்? வைத்தியர் பேரைச் சொல்லி அவளை வெளியே கொண்டுவந்தது யார்? அவளுக்காக இன்னும் நூறு பொய் சொல்லியிருப்பேன். பயந்திருப்பேன், அழுதிருப்பேன், ஆனால் சொல்லியிருப்பேன். சின்ன வயதிலிருந்து ஒரே பாயில் படுத்தவர்கள் நாங்கள். அவள் தாலி இறங்கிய அன்று அவள் தலையை என் மடியில் வைத்துக்கொண்டு இருந்தது நான். நீ அப்போது சாத்தூரில் இருந்தாய்.

நாலு மாதமாக அவள் எனக்கு ஒரு வரி எழுதவில்லை. பாத்திமுத்துவுக்கு எழுதுகிறாள். ஆவுடைக்குக்கூட ஒரு படக்கார்டு அனுப்பியிருக்கிறாள். அதில் "மைனிக்கு வணக்கம்" என்று ஒரு வார்த்தை. அண்ணன் பெண்டாட்டிக்கு வணக்கமாம்!

நான் என்ன செய்தேன்? அவளையே கேட்டு எனக்கு எழுது. இனி நீ உண்மையைச் சொல்வதாக இருந்தால் மட்டும் கடிதம் போடு.

வடிவம்மாள்


மதுரை
9-1-1938

என் வடிவுக்கு,

இந்தக் கடிதத்தை எழுதக்கூடாது என்று இரண்டு மாதம் இருந்தேன். நீ விடமாட்டாய் என்று பாத்திமுத்து எழுதினாள். முருகுவிடமே கேட்டேன். "அவளுக்குத் தெரிஞ்சுக்கணும்னா எழுது. நானா எழுதமாட்டேன்" என்றாள்.

உன்னிடம் சொல்லக்கூடாது என்றது முருகுதான்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் எஸ்தர் டீச்சர் அவளுக்காகப் பாளையங்கோட்டையில் இதே படிப்புக்கு மனுப் போட்டிருந்தார்கள். இடம் கிடைத்துவிட்டது, இன்ன தேதிக்குள் வா என்று உங்கள் வீட்டுக்கு ஒரு கார்டு வந்தது. அவள் கைக்கு அது போகவில்லை. மூன்று வருஷம் கழித்துத் தென்காசிக் கோயில் வாசலில், அந்த மொட்டைக் கோபுரத்தடியில், டீச்சர் அவளைப் பார்த்து, "ஏம்மா, ஒரு பதில்கூடப் போடல்லையே?" என்று கேட்டார்கள். அவள் தபால்காரரிடம் விசாரித்தாள். "மகராசி, உங்க மைனி கையிலதானே கொடுத்தேன்" என்று அவர் சொன்னாராம்.

அவள் உன்னிடம் கேட்கவில்லை. கேட்டால் நீ இல்லை என்று சொல்லிவிடுவாயோ என்று பயம். நீ இல்லை என்று சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவளுக்கு யாரும் இல்லை.

நான் எழுதியது பொய்யாக இருந்தால் என்னைத் திட்டி எழுது. மெய்யாக இருந்தால் எனக்கு எழுதவேண்டாம். யாருக்கு எழுதவேண்டுமோ அவளுக்கு எழுது.

என்றும் உன்
பாலம்மாள்


வீரகேரளம்புதூர்
23-6-1940

அன்புள்ள பாலம்மாளுக்கு,

இரண்டரை வருஷம் கழித்து எழுதுகிறேன். நீ திண்டுக்கல்லுக்கு மாறிவிட்டாய் என்று பாத்திமுத்து சொன்னாள். அவளிடம்தான் விலாசம் வாங்கினேன்.

நீ எழுதியது மெய். அந்தக் கார்டை என் கையால் அடுப்பில் வைத்தேன்.

அப்போது மாமியார் பக்கவாதத்தில் படுத்த படுக்கை. ஆவுடை இடுப்பில், இன்னொன்று வயிற்றில். தபால்காரர் வந்தபோது முருகு ஆற்றில் துணி துவைக்கப் போயிருந்தாள். படித்தேன். இவள் போய்விட்டால் இந்த வீட்டில் நான் ஒருத்தி என்ன ஆவேன் என்று தோன்றியது. அதற்கு மேல் ஒன்றும் நினைக்கவில்லை. பெற்ற தாயை விட்டுவிட்டு அவள் எங்கே போகப்போகிறாள் என்று பிறகு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மாமியார் இரண்டு வருஷத்தில் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகும் நான் வாயைத் திறக்கவில்லையே, அதற்கு என்ன சமாதானம்? வேலைக்கு ஆள் வேண்டும் என்று மட்டுமில்லை, பாலம்மா. அவள் என் பக்கத்திலேயே இருக்கவேண்டும் என்றுதான். அவளுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

உன் கடிதம் வந்த பிறகு அவளுக்கு எழுத உட்காருவேன். "முருகு" என்று எழுதுவேன். அதற்கு மேல் ஓடாது. கிழித்துவிடுவேன். இப்படியே இரண்டு வருஷம் போய்விட்டது.

அவள் படிப்பு முடித்துத் தென்காசியிலேயே ஒரு பெண்கள் பள்ளியில் வேலைக்கு வந்துவிட்டாள் என்பது உனக்குத் தெரிந்திருக்கும். பத்து மைலில் இருக்கிறாள். சந்தைக்குப் போகிறவர்கள் பார்த்துவிட்டு வந்து சொல்வார்கள். இவர் அந்தப் பேச்சு வந்தால் எழுந்து போய்விடுவார்.

போன வாரம் வெள்ளிக்கிழமை கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். கோயிலுக்குப் போகவில்லை. நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். மத்தியான இடைவேளை. முருகு ஒரு சின்னப் பெண்ணுக்குப் பின்னலை முடிந்துவிட்டுக்கொண்டிருந்தாள். ஓரத்தில் பச்சைக் கரை போட்ட சேலை. கண்ணாடி போட்டிருக்கிறாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க மைனி" என்றாள். பிள்ளைகளை வெளியே அனுப்பினாள்.

வகுப்பில் நாங்கள் இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் பெஞ்சில் உட்கார்ந்தோம். முழங்கால் இடித்தது. வழியெல்லாம் யோசித்து வைத்ததில் ஒன்றும் வரவில்லை.

"அந்தக் கார்டை நான்தான் எரிச்சேன் முருகு. உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். ஆனாலும் என் வாயால சொல்லணும்னு வந்தேன்" என்றேன்.

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"குற்றாலத்துல மூணு நாளும் பார்த்துக்கிட்டே இருந்தேன் வடிவு. இப்பச் சொல்லுவா, இப்பச் சொல்லுவான்னு. அருவியிலயிருந்து வந்து உன் கையைப் பிடிச்சேன். நீ குளிருதான்னு கேட்டே. அங்கன வச்சு நீ சொல்லியிருந்தா, உன்கிட்டச் சொல்லிட்டுத்தான் போயிருப்பேன். நீ வேண்டாம்னு அழுதிருந்தாலும் சொல்லிட்டுப் போயிருப்பேன்."

"இப்பவும் கோவமா?" என்று கேட்டேன்.

"இருந்துச்சு. இப்ப இருக்கா, இல்லையான்னு எனக்கே சரியாத் தெரியல்லை. நீ அடிக்கடி வா. தெரிஞ்சுக்கிடலாம்."

மணி அடித்துவிட்டது. பிள்ளைகள் உள்ளே வந்துவிட்டார்கள். நான் வாசலுக்கு வந்த பிறகு கூப்பிட்டாள். "ஆவுடை இந்த வருசம் என்ன பண்ணுதா?" என்றாள். ஐந்தாவது முடித்துவிட்டாள், ஊரில் அதற்கு மேல் கிடையாது, வீட்டில் எனக்கு ஒத்தாசையாக இருக்கிறாள் என்றேன். "என்கிட்ட அனுப்புதியா? என் கூட இருந்து படிக்கட்டும்" என்றாள். பதிலுக்குக் காத்திருக்காமல் பாடம் எடுக்கப் போய்விட்டாள்.

பஸ்ஸில் வரும்போது என்ன நினைத்தேன் தெரியுமா? ஆவுடையும் போய்விட்டால் நான் வீட்டில் என்ன ஆவேன் என்று. அதே நினைப்பு, பாலம்மா. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அடுப்படியில் நின்று நினைத்த அதே நினைப்பு. எனக்கு என்மேலேயே பயம் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பள்ளிக்கூடம் போனதையும் கார்டை எரித்ததையும் சொன்னேன். அவர் மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தார். "நீயா?" என்றார். "நான்தான்" என்றேன். கையைக் கழுவினார். "மூணு வருசமா, சோறு போட்ட வீட்டை ஒரு நாள்ல உதறிட்டுப் போனாளேன்னு அவமேல கருவிக்கிட்டு இருக்கேன். உன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல்லையேன்னு உனக்காகவும் சேர்த்துக் கருவினேன்" என்றார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "ஆவுடையை என்னைக்குக் கொண்டுபோய் விடணும்?" என்று கேட்டார்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் வண்டி கட்டி அவரே ஓட்டிக்கொண்டு வந்தார். முருகு இருக்கிற தெருமுனையில் நிறுத்திவிட்டார். "நீங்க போயிட்டு வாங்க" என்றார். நான் ஆவுடையைக் கூட்டிக்கொண்டு பாதித் தூரம் போவதற்குள் முருகுவே எதிரே வந்துவிட்டாள். ஆவுடை அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அப்படியே அவளையும் இழுத்துக்கொண்டு முருகு வண்டியடிக்குப் போய் நின்றாள். அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் மாட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சாப்பிட்டியா?" என்றார்.

"சாப்பிட்டேன் அண்ணே."

அவ்வளவுதான் பேச்சு. பிறகு அவர் வண்டியிலிருந்து அரிசி மூட்டையைத் தோளில் தூக்கினார். எந்த வீடு என்று கேட்காமல் முன்னால் நடந்தார். மூன்று வீடு தாண்டிப் போய்விட்டார். முருகு, "அண்ணே, இந்த வீடு" என்று கூப்பிட்டதும் திரும்பி வந்து உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

அவள் என்னை மன்னித்துவிட்டாளா என்று நீ கேட்பாய். தெரியவில்லை. கிளம்பும்போது, "அடுத்த வெள்ளிக்கிழமை வாரியா?" என்று கேட்டாள். வருகிறேன் என்றேன். ஆடியில் சாரல் நன்றாக இருக்கும், நீ எப்போது வரமுடியும் என்று கேட்டு எழுதச் சொன்னாள். பாத்திமுத்துவின் வாப்பா வீடு இந்த வருஷம் வாடகைக்குப் போய்விட்டதாம். வேறு இடம் பார்க்கலாம் என்கிறாள்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் பழக்கத்தில், "ஆவுடை, கொஞ்சம் தண்ணி கொண்டாம்மா" என்று கூப்பிட்டுவிட்டேன். சின்னது தெருவில் விளையாடிக்கொண்டிருந்தது, யாரும் வரவில்லை. அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். தொழுவிலிருந்து அவர் வந்து எட்டிப் பார்த்தார். தண்ணீர்ப் பானை எங்கே இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, ஒரு செம்பில் மொண்டு கொண்டுவந்து தந்தார்.

உன்
வடிவு